கைக்குள் ஒரு கணினி – 12: சிக்கெடுக்கும் முறை

போன வாரம் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் முதல் பத்துக் கட்டளைகளைப் பழகினோம். கட்டளை அடித்ததும் வேலை நடந்தால் மகிழ்ச்சி. நடக்காமல் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றால் என்ன செய்வது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். எங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே இதற்கு எடுத்துக்கொள்கிறேன். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரே சிக்கல்தான்.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் சாயங்காலம் போனும் கையுமாக வந்தான்.

“அண்ணே, பழைய போன் ஒண்ணு வாங்குனேன். வித்தவரு ரூட் பண்ணுன போனுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. இப்ப எஸ்யூ அடிச்சா அப்படி ஒண்ணு இல்லவே இல்லேங்குது. பேங்க் ஆப்போ, போன்ல பாதுகாப்பு இல்ல, தொறக்க மாட்டேங்குது. ரெண்டுல எதுண்ணே உண்மை?”

நல்ல கேள்வி. ரூட் இல்லை என்கிறது டெர்மினல். போனை யாரோ கை வைத்துத் திறந்திருக்கிறார்கள் என்கிறது வங்கிச் செயலி. அவன் வீட்டில் மடிக்கணினி கிடையாது. பாடம், பயிற்சி, பணம் அனுப்புவது எல்லாமே அந்த ஒரு போனில்தான். விளையாட்டுக்கு ரூட் எடுக்கிறவனின் அவசரம் வேறு, இவன் தேவை வேறு.

பூஜ்யம் எண் பயனர்

ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸுக்கு முன்மாதிரி, 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ். ஒரே கணினியில் பலர் வேலை பார்த்த காலம் அது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது என்று ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். பூஜ்யம் எண்ணுக்கு உரியவர் மட்டும் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அவருக்குப் பெயர் ரூட்.

போனில் பயனர் ஒருவர்தானே? ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அந்தப் பழைய ஏற்பாட்டை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒவ்வொரு செயலியையும் தனித்தனிப் பயனராக்கி, 10000க்கு மேல் ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். நீங்கள் நேற்று இறக்கிய விளையாட்டு, உங்கள் வங்கிச் செயலியின் கோப்புகளை எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பது இந்த எண்களால்தான். டெர்மினலில் வரித் தொடக்கத்தில் $ இருந்தால் நீங்கள் சாதாரணப் பயனர். # இருந்தால் பூஜ்யம் எண். எஸ்யூ என்பது முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போகக் கேட்கும் கட்டளை.

சாதாரணப் பயனருக்கும் ரூட்டுக்கும் நடுவில் சுவர் ஏன் வேண்டும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் முதல் போனான ஜி1, 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். விசைப்பலகையில் எதை அடித்தாலும், அது திரைக்குப் பின்னால் ரூட் அதிகாரத்தோடு ஓடிய ஒரு டெர்மினலுக்கும் போய்க்கொண்டிருந்தது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘ரீபூட்’ என்று தனி வரியில் அடித்தால் போன் உண்மையாகவே அணைந்து எழுந்தது. கூகுள் சில நாட்களில் அதை அடைத்தது. ஆனால் அதற்குள் அந்த வழியே ரூட் எடுத்துவிட்டார்கள் பலர்.

தமிழுக்காக ரூட் எடுத்த காலம்

தமிழர்களுக்கு ரூட் என்பது வெறும் ஆர்வமாக மட்டும் இருந்ததில்லை. ஆண்ட்ராய்டின் முதல் பதிப்புகள் ஓடிய பல போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. செய்தித் தளத்தைத் திறந்தால் கட்டம். அம்மா அனுப்பிய வாழ்த்தும் கட்டம். ஓபரா மினி உலாவியில் ஒரு மறைவான அமைப்பை மாற்றி, தமிழைப் படமாக வரவழைத்து வாசித்தவர்கள் உண்டு. அது உலாவிக்குள் மட்டும்தான். போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமென்றால், ரூட் எடுத்து, சிஸ்டத்துக்குள் எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையில் தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

வைத்தார்கள். கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் ‘செடி’ என்ற சொல்லில் கொம்பு, சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. காரணம் எளிது. யூனிகோடில் சகரம் முதலில், கொம்பு அடுத்து என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வைக்க வேறொரு நிரல் வேண்டும். அது அன்று அந்தப் போன்களில் இல்லை. பூஜ்யம் எண் அதிகாரம் கையில் இருந்தும், இல்லாத நிரலை அதிகாரத்தால் வரவழைக்க முடியவில்லை. பிறகு 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4 வரிசை தொடங்கி, தமிழ் போனோடு சேர்ந்தே வரலாயிற்று. இன்று தமிழ் வாசிக்க யாரும் ரூட் எடுப்பதில்லை.

பிழைச் செய்தியை எழுத்துக்கூட்டி வாசியுங்கள்

எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் வாலிநோக்கம் கடற்கரை. காலையில் நண்டு வலையை மணலில் போட்டு உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள். நானும் ஒருமுறை உதவப் போய், கைக்கு வந்த இழையைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு இறுகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் கையைத் தட்டிவிட்டு, மிதவை கோத்த மேல்கயிற்றைத் தேடி எடுத்து, அதை ஒரு முழம் நீட்டிப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் எந்த இழை எதன் மேல் கிடக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

டெர்மினலில் அந்த மேல்கயிறு பிழைச் செய்திதான். பலரும் அதை வாசிப்பதே இல்லை. ‘எரர் வருது’ என்று சொல்லிவிட்டு, எங்கோ பார்த்த அடுத்த கட்டளையை அடித்து முடிச்சை இறுக்குகிறார்கள். அடிக்கடி வரும் நான்கு செய்திகளைப் பார்ப்போம்.

‘நாட் ஃபவுண்ட்’ என்றால் அந்தப் பெயரில் நிரலே இல்லை. எஸ்யூ அடித்து இது வந்தால், ரூட் மறுக்கப்படவில்லை, ரூட்டே இல்லை என்று பொருள். பிஸிபாக்ஸ் என்னும் கருவித் தொகுப்பைச் சேர்ந்த கட்டளைக்கு இது வந்தால், அந்தத் தொகுப்பு போனில் இல்லை. ஆண்ட்ராய்டு 6 முதல் டாய்பாக்ஸ் என்னும் சிறு தொகுப்பு போனிலேயே இருக்கிறது. எளிய வேலைகளுக்கு அது போதும்.

‘பெர்மிஷன் டினைட்’ என்றால் நிரல் இருக்கிறது, அனுமதி இல்லை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இறக்கிய நிரலைப் படங்களும் பாடல்களும் இருக்கும் பொதுச் சேமிப்பில் வைத்து ஓட்டினால் இதே செய்திதான் வரும். அந்த இடத்தில் எந்த நிரலும் ஓடக் கூடாது என்பது விதி. அனுமதியை மாற்றும் கட்டளையை எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. கோப்பை டெர்மினல் செயலியின் சொந்தக் கோப்புறைக்கு நகர்த்திவிட்டு அந்தக் கட்டளையை அடித்தால் ஓடும்.

‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்றால் வாசிக்கலாம், எழுத முடியாது. பழைய வழிகாட்டிகள் சிஸ்டம் பகுதியை எழுதும்படி மாற்றிக்கொள்ளச் சொல்லும். ஆண்ட்ராய்டு 10க்குப் பிந்தைய பல போன்களில் அந்தப் பகுதி எழுத இடமே இல்லாத வடிவில் அமைந்திருக்கிறது. அங்கே ரூட்டுக்கும் வழி இல்லை.

‘64 பிட் கோப்பு, இயக்க முடியாது’ என்ற பொருளில் வந்தால், நிரலும் போனும் பொருந்தவில்லை. ‘யூநேம் -m’ கட்டளையை அடித்து உங்கள் போனின் வகையைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற நிரலை இறக்குங்கள்.

தம்பியின் போனில் நடந்தது

அவன் போனில் வந்தது முதல் வகைச் செய்தி. ஆனால் மேஜிஸ்க் என்ற செயலி போனில் இருந்தது. அதைத் திறந்தோம். செயலியின் பதிப்பு எண் தெரிந்தது. ‘நிறுவப்பட்டது’ என்ற இடத்தில் மட்டும் ‘இல்லை’ என்று காட்டியது. முடிச்சு எங்கே என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஜான் வூ என்னும் தைவான் இளைஞர் 2016இல் வெளியிட்டது மேஜிஸ்க். அது சிஸ்டம் பகுதியைத் தொடாது. போன் எழும்போது முதலில் ஏற்றப்படும் பூட் இமேஜ் என்னும் கோப்பில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். விற்றவர் அப்படித்தான் ரூட் எடுத்திருக்கிறார். இடையில் போனுக்கு ஒரு சிஸ்டம் அப்டேட் வந்து, பழைய பூட் இமேஜ் இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்துவிட்டது. அதோடு ரூட்டும் போயிற்று. வெறும் செயலி மட்டும் மிச்சம்.

அப்படியானால் வங்கிச் செயலி ஏன் மறுக்கிறது? ரூட் எடுப்பதற்கு முன், போனை எழுப்பும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத சிஸ்டத்தை ஓட விடாமல் தடுப்பது அந்தப் பூட்டு. அப்டேட் வந்தாலும் அது தானாகப் பூட்டிக்கொள்ளாது. பூட்டு திறந்திருக்கிறதா என்று செயலி கேட்டால், போனின் சிப்பே கையொப்பமிட்டுப் பதில் சொல்லும்.

“ரெண்டும் உண்மைதாம்ப்பா. ரூட் போயிருச்சு. பூட்டு மட்டும் தொறந்தே கெடக்கு.”

“அதான் போன் ஆன் ஆகும்போது ஒரு எச்சரிக்கை வருதாண்ணே? நான் கம்பெனி விளம்பரம்னு நெனச்சேன்.”

அவன் மாமா மகனின் மடிக்கணினியை வாங்கி வந்தோம். போனை இணைத்துக் கட்டளை அடித்தால் ‘வெயிட்டிங் ஃபார் டிவைஸ்’ என்று நின்றுவிட்டது. டிரைவரை மாற்றினோம், மடிக்கணினியை அணைத்துப் போட்டோம். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் கேபிளை மாற்றினோம், உடனே போன் தெரிந்தது. முதல் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும். தகவல் போகும் கம்பிகளே அதில் இல்லை. இந்தச் செய்தி வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிறகு செய்தவை இவை. படங்கள், தொடர்பு எண்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு நகலெடுத்தோம். போனின் மாடல் எண்ணுக்கு அச்சாகப் பொருந்தும் சிஸ்டம் கோப்பைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி முழுமையாக ஏற்றினோம். போன் ஒழுங்காக எழுகிறதா என்று ஒருமுறை பார்த்தோம். அதன் பிறகுதான் பூட்டினோம். இந்த வரிசை முக்கியம். மாற்றப்பட்ட கோப்பு எதுவும் உள்ளே இருக்கும்போது பூட்டினால், போன் எழ மறுத்துவிடலாம். பூட்டைத் திறந்தாலும் பூட்டினாலும் போனில் உள்ளதெல்லாம் அழியும் என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாப் போனிலும் இப்படித் திரும்பி வர முடியாது. சாம்சங் போன்களில் பூட்டைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்னும் பாதுகாப்புக் குறி மாறிவிடும். பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் அந்தக் குறி பழைய நிலைக்கு வராது.

எச்சரிக்கை போயிற்று. வங்கிச் செயலி திறந்தது.

ரூட் இல்லாமலே

“அப்ப கட்டளை பழகறதுக்கு ரூட்டே வேணாமாண்ணே?”

வேண்டாம். டெர்மக்ஸ் என்னும் செயலி 2015 முதல் இருக்கிறது. பைத்தான், கிட், சி மொழிக்கான கம்பைலர் எல்லாம் அதில் $ நிலையிலேயே ஓடும். அதை எஃப்-டிராய்டு தளத்திலிருந்து இறக்குவது நல்லது. ஆண்ட்ராய்டு 10 கொண்டுவந்த விதி ஒன்றால், ப்ளே ஸ்டோரில் நீண்ட காலம் பழைய பதிப்பே கிடந்தது. அதை வைத்துக்கொண்டு தொகுப்புகளை இறக்க முடியாமல் திணறியவர்கள் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘சிக்னல் 9’ என்று சொல்லி நின்றுபோனால், அது ஆண்ட்ராய்டு 12இல் வந்த கட்டுப்பாடு. செயலிகள் பெற்றெடுக்கும் துணை நிரல்கள் மொத்தம் 32ஐத் தாண்டினால் போன் அவற்றை நிறுத்தும். புதிய பதிப்புகள் பலவற்றில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இந்தக் கட்டுப்பாட்டை விலக்கலாம்.

சாதாரணப் பயனருக்கும் ரூட்டுக்கும் நடுவில் இன்னொரு படியும் இருக்கிறது. கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்னும் கருவி வழியே நுழைந்தால் 2000 என்ற எண் கிடைக்கும். வேண்டாத செயலிகளை விலக்குவது போன்ற வேலைகளுக்கு அது போதும். ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவே ஏடிபியை இணைக்கலாம். பலரும் ரூட் எடுப்பது இந்தப் படி இருப்பது தெரியாததால்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணமும் படிப்பும் ஒரே போனில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் போனை ரூட் எடுக்கக் கூடாது. தனியாக ஒரு பழைய போன் இருந்தால் தாராளமாக எடுத்துப் பழகுங்கள். அதுவும் ஒரே தட்டில் ரூட் என்று சொல்லும் செயலிகளை நம்பாமல், ஒவ்வொரு படியையும் புரிந்துகொண்டு செய்யுங்கள்.

தம்பியின் மாமா வாலிநோக்கத்தில் நண்டுக்குப் போகிறவர். அவருடைய அன்றாட எடைக் கணக்கைக் கூட்டிக் காட்ட, தம்பி டெர்மக்ஸில் பைத்தான் நிரல் ஒன்று எழுதினான். கணக்கு சரியாக வந்தது. ‘மொத்தம்’ என்ற சொல் மட்டும் திரையில் எழுத்து விலகித் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் ஒதுக்குவது டெர்மினலின் பழக்கம். நம் கொம்பும் காலும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. போன் முழுக்கத் தமிழ் வந்துவிட்ட பிறகும், இந்தக் கறுப்புத் திரையில் இந்தச் சிக்கு எடுபடாமலே கிடக்கிறது. டெர்மக்ஸின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நிரல் எழுதப் பழகும் தமிழ்ப் பிள்ளைகளே, அதை இறக்கி, எழுத்தைத் திரையில் வரையும் பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

(தொடரும்)