படத்துல வந்த காடையை வீட்டில் சமைக்கலாமா? இ.சி.ஆர். பக்கம் பறவை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு நல்ல சமையல் படம் பார்த்து முடித்த கையோடு, ‘இதை நாமளே செஞ்சு பார்த்தா என்ன?’ என்று தோன்றுவது சகஜம். அப்படி உலகம் முழுக்கப் பலரையும் கிச்சனுக்குள் இழுத்த டிஷ் ஒன்று உண்டு. 1987ல் வெளியான டேனிஷ் படமான ‘பபெட்ஸ் ஃபீஸ்ட்’டில் வரும் காடை.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வீக்எண்ட் டிரைவ் போகிறவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் ரிஸ்க்கானது. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கூனிமேடு பக்கம் வரும்போது, சாலைக்கு மேற்கே இருப்பது நாடு விட்டு நாடு வரும் பறவைகள் தங்கும் ஒரு பெரிய சதுப்பு நிலம். அந்த ஏரியாவில் யாராவது ‘ஒரிஜினல் காட்டுக் காடை’ என்று நீட்டினால், அதைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் சட்டத்தில் சிக்குவார். எந்தக் காடை ஓகே, எது கூடாது, அந்த டிஷ்ஷை நம்ம ஊர்ப் பொருட்களில் எப்படிச் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தப் படம், என்ன டிஷ்?

கேப்ரியல் ஆக்ஸல் இயக்கிய படம். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருது வாங்கியது. மூலக்கதை, டென்மார்க் எழுத்தாளர் கரென் பிளிக்சன் எழுதியது.

டென்மார்க்கின் ஜட்லாந்து கடற்கரையில் ஒரு சின்ன மீனவ கிராமம். பாதிரியாரின் இரண்டு மகள்கள் கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கே வாழ்கிறார்கள். 1871ல் பாரிஸில் நடந்த கலவரத்தில் கணவனையும் மகனையும் இழந்து தப்பி வரும் பபெட், அவர்கள் வீட்டில் சமையல்காரியாகச் சேர்கிறார். அந்த ஊரில் தினசரிச் சாப்பாடு என்பது காய்ந்த மீனும் ரொட்டிக் கஞ்சியும்தான். கருவாடு காயும் கரையைப் பார்த்து வளர்ந்த நம்ம ஊர் ஆட்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தெரியாது.

14 வருடங்களுக்குப் பிறகு பபெட்டுக்கு லாட்டரியில் 10,000 ஃபிராங்க் விழுகிறது. மொத்தப் பணத்தையும் 12 பேருக்கான ஒரே ஒரு விருந்தில் செலவழிக்கிறார். உயிரோடு காடைகள் கூண்டில் கப்பலேறி வருகின்றன. எலும்பு நீக்கிய காடைக்குள் வாத்து ஈரலும் ட்ரஃபிள் காளானும் வைத்து, பஃப் பேஸ்ட்ரி கூட்டுக்குள் படுக்க வைத்துப் பரிமாறுகிறார். பிரெஞ்சில் அந்த டிஷ்ஷுக்கு ‘காய் ஆன் சர்க்கோஃபாஜ்’ என்று பெயர். கல் சவப்பெட்டிக்குள் காடை என்று அர்த்தம். விருந்துக்கு வந்த ஜெனரல் ஒருவர் ஒரு வாய் வைத்ததுமே, பாரிஸின் புகழ்பெற்ற ‘கஃபே ஆங்லே’ உணவகத்தில் தான் சாப்பிட்ட அதே ருசி என்று கண்டுபிடித்துவிடுவார்.

அதை அப்படியே இங்கே செய்ய முடியுமா?

முடியாது. முதல் தடை வாத்து ஈரல். வாத்துக்கு வலுக்கட்டாயமாகத் தீனி திணித்து ஈரலை வீங்க வைத்து எடுக்கப்படும் ‘ஃபுவா க்ரா’வை இறக்குமதி செய்ய இந்தியா 2014 ஜூலையிலேயே தடை போட்டுவிட்டது. ட்ரஃபிள் காளானுக்குத் தடை இல்லை. விலைதான் கையைக் கடிக்கும்.

படத்தின் மெனுவில் ஆமை சூப்பும் உண்டு. அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். விழுப்புரம் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம்.

மிச்சம் இருப்பது காடை. அதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள்.

கூனிமேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி கொஞ்ச காலம் வணிக நிலையம் நடத்திய ஊர் கூனிமேடு. இன்று இ.சி.ஆரில் போகிறவர்களுக்கு அது ஒரு ஊர்ப்பலகை மட்டும்தான். ஆனால் சாலைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் கழுவெளி இருக்கிறது.

வானூர், மரக்காணம் தாலுகாக்களில் பரந்து கிடக்கும் உவர்நீர்ச் சதுப்பு நிலம் அது. கழிமுகம் வழியாகக் கடலோடு தொடர்பு உண்டு. அதனால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் உப்புத் தண்ணீர், நடுவில் இரண்டும் கலந்த தண்ணீர். இந்தக் கலவைதான் இத்தனை வகைப் பறவைகளுக்கும் சாப்பாடு போடுகிறது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதில் 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ‘ராம்சர்’ தளங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

மத்திய ஆசிய வான்வழியில் வலசை வரும் பறவைகளுக்கு இது ஒரு முக்கியமான நிறுத்தம். பூநாரை, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் எல்லாம் குளிர்காலத்தில் வருகின்றன. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரையையும் பார்க்கலாம். சுற்றியுள்ள புல்வெளியிலும் புதர்க்காட்டிலும் கவுதாரியும் காடையும் வாழும். கவுதாரியின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘பாண்டிசெரியானஸ்’ என்ற சொல், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியிலிருந்து வந்ததுதான்.

இத்தனை பறவை கூடும் இடத்தில் வேட்டையும் இருக்கும். கண்ணி, வலை, நாட்டுத் துப்பாக்கி, விஷம் தடவிய தீனி என்று இங்கே பறவை வேட்டை நடப்பதாகப் பல வருடங்களாகச் செய்திகள் வந்திருக்கின்றன. வாங்க ஆள் இருக்கும்வரை இது நிற்காது. ‘ஒரே ஒரு தடவை டேஸ்ட் பார்க்கத்தானே’ என்று கேட்கிறவரும் அந்த வாங்கும் ஆட்களில் ஒருவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. கடைசியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டது 2022ல். அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சாப்பாட்டுப் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்:

• காட்டுக் காடை, கவுதாரி, கொக்கு, காட்டு வாத்து போன்றவை சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவைகள். ‘மயில் மட்டும்தானே கூடாது?’ என்பது தப்பான நினைப்பு.

• ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டும் கிடையாது. கண்ணி வைப்பது, பிடிப்பது, அதற்கு முயற்சி செய்வது, கூட்டைக் கலைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது அல்லது எடுப்பது எல்லாமே வேட்டைதான்.

• வேட்டையாடப்பட்ட காட்டுப் பறவையும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து என்கிறது 39ஆம் பிரிவு. அனுமதி இல்லாமல் அதை வாங்கினாலோ கையில் வைத்திருந்தாலோ குற்றம். பையில் இருப்பது சமைத்த கறியாக இருந்தாலும் தப்பிக்க முடியாது.

• பொதுவான தண்டனை 3 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் போல முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

இது எவ்வளவு சீரியஸான விஷயம் என்பதை மணிகண்டன் இயக்கிய ‘கடைசி விவசாயி’ பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்தில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகவே மாயாண்டி தாத்தா கோர்ட் வாசலில் நிற்பார்.

நிஜத்தில் நடந்ததும் உண்டு. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் சிரிசில்லா மாவட்டத்தில் ‘மயில் குழம்பு’ செய்முறை என்று வீடியோ போட்ட ஒரு யூடியூபரை வனத்துறையினர் கைது செய்தார்கள். கறியின் மாதிரி பரிசோதனைக்குப் போனது. வியூஸுக்காகப் போட்ட வீடியோதான் வழக்கின் தொடக்கப்புள்ளி.

அப்போ கடையில் விற்கும் காடை?

அது ஓகே. பிராய்லர் கடையிலும் ஹோட்டலிலும் கிடைப்பது ‘ஜப்பானியக் காடை’. 1974ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த பண்ணை இனம். உத்தரப்பிரதேசத்தின் இசத்நகரில் இருக்கும் மத்தியப் பறவைகள் ஆராய்ச்சி நிலையம் இதை இந்தியச் சூழலுக்கு ஏற்ப வளர்த்தெடுத்தது. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நாமக்கல் காடை, நந்தனம் காடை ரகங்களும் உண்டு. 17, 18 நாளில் முட்டை பொரியும். 5 வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும்.

இதிலும் ஒரு சட்டக் குழப்பம் இருந்தது. ஜப்பானியக் காடையும் பாதுகாப்புப் பட்டியலுக்குள் வருகிறது என்று சொல்லி, புதிய பண்ணைகளுக்கு அனுமதி தர வேண்டாம் என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011ல் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. பண்ணையாளர்கள் திணறிப்போனார்கள். பிறகு அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. இந்த விலக்கு பண்ணை இனத்துக்கு மட்டும்தான், காட்டுக் காடைக்குக் கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• பில் கொடுக்கும் கடையில், சுத்தம் செய்து ஒரே சைஸில் அடுக்கியிருக்கும் காடை பண்ணைக் காடை. உரித்த பிறகு ஒன்று சுமாராக 150 முதல் 200 கிராம் இருக்கும்.

• காலைக் கட்டித் தொங்கவிட்டு, பல வகைப் பறவைகளைக் கலந்து ரோட்டோரம் விற்றால் வண்டியை நிறுத்தாதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

• ஆண் காடையின் மார்பில் பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் அது பெரும்பாலும் நம்ம ஊர் மழைக்காடை. பண்ணை ஆண் காடைக்கு மார்பு செம்பழுப்பாக இருக்கும்.

• ‘காட்டுல புடிச்சது, அதான் டேஸ்ட்டு’ என்று விற்கிறவரே சொன்னால், வேறு ஆதாரமே தேவையில்லை. விஷத்தில் செத்த பறவையா, ஈயக் குண்டு பாய்ந்ததா என்பது தட்டில் வந்த பிறகு தெரியாது. அந்த ரிஸ்க்கும் சாப்பிடுகிறவருக்குத்தான்.

பபெட் காடை: நம்ம ஊர் வெர்ஷன் (4 பேருக்கு)

சவப்பெட்டி பேஸ்ட்ரி என்றதும் பயப்பட வேண்டாம். பேக்கரியில் முட்டை பஃப்ஸ் செய்யும் அதே மாவுதான். ஃப்ரோஸன் ஷீட்டாகவே கிடைக்கும்.

தேவை: பண்ணைக் காடை 4, பஃப் பேஸ்ட்ரி ஷீட் 1 பாக்கெட், கோழி ஈரல் 100 கிராம், பட்டன் காளான் 100 கிராம், சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், மிளகுத்தூள் 2 டீஸ்பூன், கறிவேப்பிலை, நெய் 3 டேபிள்ஸ்பூன், பன்னீர் திராட்சை 1 கப், முட்டை 1, கல்லுப்பு.

1. உப்புத் தண்ணீர்: 1 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் கல்லுப்பைக் கரைத்து, காடைகளை அதில் மூழ்க வைத்து 1 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கவும். காடையில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். உப்பு உள்ளே இறங்கினால் கறி தன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த ஸ்டெப்பை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க.

2. எலும்பு நீக்குதல்: ஈரம் துடைத்துவிட்டு, கத்தரிக்கோலால் முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் வெட்டி எடுக்கவும். விலா எலும்புகளைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம். கால், இறக்கை எலும்பு அப்படியே இருக்கட்டும். கழித்த எலும்புகளைத் தூக்கிப் போடாமல் 2 கப் தண்ணீரில் கொதிக்க விடவும்.

3. ஸ்டஃபிங்: 1 ஸ்பூன் நெய்யில் பாதி வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பொடியாக நறுக்கிய காளான் சேர்த்துத் தண்ணீர் வற்றும்வரை வதக்கவும். ஈரலையும் 1 டீஸ்பூன் மிளகுத்தூளையும் சேர்த்து வேக வைத்து, ஆறியதும் கொரகொரப்பாக மசிக்கவும். ஃபுவா க்ரா, ட்ரஃபிள் இரண்டுக்கும் மாற்று இதுதான்.

4. சுடுதல்: ஸ்டஃபிங்கை உள்ளே வைத்து நூலால் கட்டவும். நெய்யில் எல்லாப் பக்கமும் சிவக்க வதக்கி, 200 டிகிரி சூட்டில் 15 முதல் 18 நிமிடம் ஓவனில் வைக்கவும். ஏர் ஃபிரையரில் 180 டிகிரி, கிட்டத்தட்ட அதே நேரம். உள்ளே ஸ்டஃபிங்கின் நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். எடுத்து 5 நிமிடம் ஆற விடவும்.

5. கூடு: பேஸ்ட்ரியைக் காடையைவிடக் கொஞ்சம் பெரிய சதுரமாக வெட்டி, முட்டை தடவி, நடுவில் ஒரு சின்னச் சதுரத்தை லேசாகக் கீறி, 200 டிகிரியில் 20 நிமிடம் பேக் செய்யவும். உப்பி வந்ததும் கீறிய மூடியைத் தூக்கி உள்ளே குழி செய்தால் கூடு ரெடி.

6. கிரேவி: வதக்கிய அதே சட்டியில் மீதி வெங்காயம், மிளகுத்தூளைப் போட்டு, திராட்சையைப் பிழிந்த சாறும் எலும்புத் தண்ணீரும் சேர்த்துப் பாதியாகச் சுண்ட விடவும். படத்தில் ஒயின் செய்யும் வேலையை இங்கே பன்னீர் திராட்சை செய்யும். உப்பைக் கடைசியில் பார்த்துச் சேர்க்கவும்.

நூலைப் பிரித்துவிட்டு காடையைக் கூட்டுக்குள் வைத்து, மேலே கிரேவியை ஊற்றி உடனே பரிமாற வேண்டும். பத்து நிமிடம் விட்டால் பேஸ்ட்ரி நமுத்துவிடும். கத்தி, முள்கரண்டியோடு போராட வேண்டாம். படத்தின் ஜெனரலே காடையைக் கையில் எடுத்து உறிஞ்சித்தான் சாப்பிடுவார்.

கழுவெளியையும் பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். விடியற்காலையில் பைனாகுலரோடு போய்ப் பறவைகளைப் பாருங்கள். காடையைத் திரும்பி வரும்போது உங்க ஏரியா கறிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.