தலைப்புக் கோப்பை ஒருமுறை படித்தாற் போதுமா?

கணினிக்கென எழுதிய மூலநிரலை இயக்காமலே படித்து, இப்பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது, எங்கெங்கே ஆளப்படுகின்றது என்று நிரலாளர்க்கு எடுத்துரைக்குங் கருவிகள் உள. அத்தகைய கருவியொன்றை விரைவுபடுத்தும் பணியில் யாம் ஈடுபட்டிருந்தோம்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழியில், பல நிரல்களுக்கும் பொதுவான அறிவிப்புகளைத் தலைப்புக் கோப்பு எனத் தனியே எழுதிவைப்பர். அதனை வேண்டும் நிரலின் உச்சியில் 'இன்குளூட்' என்னுங் கட்டளை நிற்கும். உரையாசிரியர் 'முன்னர்க் கூறியவாறு கொள்க' என்று விட்டுச் செல்வது போன்றதன்று இது. கட்டளை நின்ற இடத்திலே கோப்பு முழுவதும் வந்து அமரும். அஃது அழைக்கும் பிற கோப்புகளும் உடன்வரும். 20,000 வரிகள் இவ்வாறு 1,000 நிரல்களில் வந்து சேருமாயின், கருவி படிக்க வேண்டியவை 2 கோடி வரிகள். ஒரே கோப்பு இருமுறை நுழையாதவாறு எழுதப்படுங் காவல் வரிகள் ஒரு நிரலுக்குள் மட்டுமே பயன்படும். அடுத்த நிரலுக்குச் சென்றதும் படிப்பு மீண்டுந் தொடங்கும்.

நிகண்டை மனனஞ் செய்தவன் செய்யுள்தோறும் ஏட்டைப் புரட்டுவதில்லை. ஒருமுறை படித்ததைக் கருவியும் நினைவில் வைத்தாலென்ன என்று எண்ணி, அவ்வாறே செய்தோம். வேகம் பெருகிற்று, பெருமிதமுங் கொண்டோம்.

பின்னர் ஒருநாள், எம்முடன் பணிபுரிந்த இளைஞரிடம் 'இச்செயற்கூறு எங்கும் ஆளப்படவில்லை' என்றது கருவி. அவர் நம்பி அதனை அழித்துவிட்டார். மறுநாட் காலை சோதனைப் பதிப்பு தொகுப்பாகவில்லை!

காரணம் 'அசேர்ட்' என்னுந் தலைப்புக் கோப்பு. 'என்டிபக்' என்னும் பெயர் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தால், அதிலுள்ள சோதனை வரி வெறுமையாகிவிடும், இல்லையேல் உயிர்பெறும். சி மொழியின் நியமமே இவ்வாறு விதிக்கின்றது. கருவி முதலிற் கண்டது வெறுமையான வடிவத்தை. அதனையே எல்லா நிரல்களுக்கும் ஏற்றிவிட்டது. அச்செயற்கூறோ சோதனை வரிகளில் மட்டுமே அழைக்கப்பட்டிருந்தது. கோப்பு ஒன்றாயினும் அதன் பொருள் முன்வந்தவற்றைப் பொறுத்தது என்பதை யாம் மறந்தோம். மெதுவான கருவியைப் பொறுக்கலாம். பொய்யுரைக்குங் கருவியை என்செய்வது?

ஆகவே, படிக்கும்போது கோப்பு எப்பெயர்களின் நிலையை வினவிற்று என்பதையுங் குறித்துவைக்கலானோம். அடுத்த நிரலில் அந்நிலைகள் யாவும் ஒத்திருந்தால் நினைவிலுள்ளதை எடுத்துக்கொள்ளும். ஒன்று வேறுபடினும் மீண்டும் படிக்கும். கிளாங் என்னும் தொகுப்பியைச் சார்ந்த கருவிகள் வேறொரு வழியுங் கொண்டுள்ளன. நிரலாளர் திருத்துவது பெரும்பாலும் உடற்பகுதியையே. உச்சியிலுள்ள இன்குளூட் வரிகள் அரிதாகவே மாறும். எனவே அவ்வுச்சியின் பகுப்பாய்வைச் சேமித்து, அது மாறாதவரை கீழுள்ளதை மட்டும் மீளப் படிக்கின்றன. தலைப்புக் கோப்பிலுள்ள செயற்கூறுகளின் உட்பகுதியைத் தாண்டிச் செல்லும் வசதியும் கிளாங்கில் உண்டு. அறிவிப்பு மட்டும் வேண்டுவார்க்கு அது பேருதவி.

2020ஆம் ஆண்டின் சி பிளஸ் பிளஸ் நியமம் தந்த 'மொடியூல்' முறையில், அழைப்பவர் வரையறுத்த மாக்ரோக்கள் அழைக்கப்படுவதன் பொருளை மாற்றா. ஆயினும் பழைய தலைப்புக் கோப்புகள் எண்ணிலடங்கா. அவற்றைக் கருவிகள் இன்னும் படித்தே ஆகவேண்டும்.

எமது கருவி முதலிற் பெற்ற வேகத்திற் சிறிது இழந்தது. இளைஞர் அழித்ததை மீளச் சேர்த்துவிட்டு, அதே வினாவை அதனிடம் மறுபடியும் கேட்டார். இம்முறை ஆளப்படும் இடங்கள் யாவற்றையுங் காட்டிற்று.