கினிசியோலஜி என்று தேடாதீர்கள்: உடலசைவுத் துறையில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தல்



சென்ற மாதம் பிள்ளைகளின் மேற்படிப்புப் பற்றிப் பேசியபோது, வைத்தியம், பொறியியல் தவிர வேறு துறைகளைப் பற்றியும் சொல்லச் சொல்லிப் பலர் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். ஒரு தாயின் கேள்வி இது: "அண்ணை, கனடாவிலை என்ரை மச்சாளின்ரை மகள் கினிசியோலஜி படிக்கிறாள். என்ரை மகளும் அதைத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். இஞ்சை அது எங்கை இருக்கு?" நல்ல கேள்வி. நேரம் போதாமல் வானொலியில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். கனடாவில் கினிசியோலஜி என்றால் உடலசைவு பற்றிய விஞ்ஞானம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலும் யோர்க் பல்கலைக்கழகத்திலும் அதற்கெனத் தனிப் பீடமோ பிரிவோ உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் 2013 முதல் அது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். சுவிஸில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. இங்கே கினிசியோலஜி என்பது மாற்றுச் சிகிச்சை முறை ஒன்றின் பெயர். 1964இல் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற அமெரிக்கர் தொடங்கிய, தசையை அழுத்திப் பார்த்து உடல்நிலையை அறியும் முறையிலிருந்து அது வளர்ந்தது. அதைத் தொழிலாகச் செய்வோர் இங்கு உண்டு. கூட்டாட்சி டிப்ளோமாவும் உண்டு. ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. அடிப்படை மருத்துவக் காப்புறுதி அதற்குப் பணம் கொடுப்பதும் இல்லை. கனடாச் சொல்லை வைத்துத் தேடும் பிள்ளை, ஒரு தனியார் பாடசாலையில் பல ஆயிரம் பிராங்கைக் கட்டிய பிறகுதான் வேறு வாசலுக்கு வந்துவிட்டதை உணரக்கூடும்.

இங்கே தேட வேண்டிய சொற்கள் 'பெவேகுங்ஸ்விசன்ஷாப்ட்', 'ஸ்போர்ட்விசன்ஷாப்ட்', 'பிசியோதெரபி' என்பவை. இவை மூன்றும் இரண்டு வாசல்களுக்குள் அடங்கும்.

முதலாவது வாசல் பல்கலைக்கழகம். சூரிச்சிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது நாம் ஏ.தே.ஹா. என்று சொல்லும் இடத்தில், 2012இல் சுகாதார விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் என்ற துறை உருவானது. பாசல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, அசைவு, சுகாதாரம் மூன்றுக்குமாக ஒரு துறை இருக்கிறது. பேர்ண், லவுசான் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞான நிறுவனங்கள் உள்ளன. இவற்றில் படித்தவர்கள் ஆராய்ச்சி, புனர்வாழ்வு நிலையங்கள், நோய்த்தடுப்புத் திட்டங்கள், விளையாட்டுப் பயிற்சி, கற்பித்தல் ஆகியவற்றுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது வாசல் பாக்ஹோக்‌ஷூல எனப்படும் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகம். பிசியோதெரபி அங்கேதான் உண்டு: வின்ரத்தூரில், பேர்ணில், பிரெஞ்சு மொழிப் பகுதியில், ரிச்சினோவில். 2020 பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி பிசியோதெரபிஸ்ட் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். வைத்தியரின் சீட்டோடு வரும் நோயாளிக்கு அவர் செய்யும் சிகிச்சைக்கு அடிப்படைக் காப்புறுதி பணம் கொடுக்கும்.

பெற்றோர் நன்றாக மனதில் வைக்க வேண்டியது இதுதான்: முதலாம் வாசலால் போனவர் முதுமாணி முடித்தாலும் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அதற்கு பிசியோதெரபி இளமாணியை ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். ஆகவே "எந்தப் பல்கலைக்கழகம் பெரியது?" என்று கேட்பதற்கு முன், "முடிவில் நோயாளியைக் கையால் தொட்டுச் சிகிச்சை செய்ய விருப்பமா, ஆராயவும் திட்டமிடவும் விருப்பமா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் பலர் ஒன்பதாம் வகுப்போடு 'ஃபாகே' தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். "இனி இவளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை" என்று பெற்றோர் கவலைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலை தேவையில்லை. மூன்று வருட ஃபாகேயோடு பெரூஃப்ஸ்மத்தூரா எடுத்தால் பிசியோதெரபி இளமாணிக்கு விண்ணப்பிக்கலாம். இடங்கள் குறைவு என்பதால் தகுதிகாண் பரீட்சை உண்டு. பசெரல் என்ற மேலதிகப் பரீட்சையில் சித்தியடைந்தால் முதலாம் வாசலும் திறக்கும்.

இனி முதுமாணி விண்ணப்பம். கணக்காளன் என்ற முறையில் எனக்குப் பிடித்த பகுதி இது. ஐரோப்பாவில் படிப்பை ஈ.சி.ரி.எஸ். புள்ளிகளால் அளக்கிறார்கள். ஒரு புள்ளிக்குச் சுமார் 30 மணிநேர உழைப்பு. இளமாணி 180 புள்ளிகள். பிசியோதெரபி முதுமாணி 90, ஏ.தே.ஹா. சுகாதார விஞ்ஞான முதுமாணி 120. முழுநேரமாகப் படித்தால் ஒரு பருவத்துக்கு 30 புள்ளிகள். எனவே 90 என்றால் மூன்று பருவம், 120 என்றால் நான்கு பருவம்.

கனடாவில் ஆய்வு முதுமாணிக்குப் போவோர், தம்மை ஏற்கும் பேராசிரியர் ஒருவரைத் தேடுவதிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் நிறையக் கவனம் செலுத்துவார்கள். இங்கே முதலில் பார்ப்பது நீங்கள் சேர்த்த புள்ளிகள் எந்தப் பாடத்தில் என்பதையே. அதே துறையில் சுவிஸ் இளமாணி இருந்தால் அனுமதி பெரும்பாலும் எளிது. துறை மாறினால், அல்லது பாக்ஹோக்‌ஷூலவிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போனால், 'அவுஃப்லாகன்' எனப்படும் நிபந்தனைப் பாடங்களைச் சுமத்துவார்கள். அது 60 புள்ளி வரை போகலாம். 60 புள்ளி என்றால் ஒரு முழு வருடம். ஆகவே இளமாணியின் இரண்டாம் வருடத்திலேயே போக நினைக்கும் இடத்தின் ஆலோசனைப் பிரிவுக்கு எழுதி, எந்தப் பாடங்கள் குறைகின்றன என்று கேட்டு, புள்ளிவிபரம், உடலியங்கியல் போன்றவற்றை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

தேவையான கடதாசிகள்: மத்தூராச் சான்றிதழ், இளமாணிப் பெறுபேறுகள், வாழ்க்கைக் குறிப்பு, கேட்கும் இடங்களில் மொழிச் சான்றிதழும் விருப்பக் கடிதமும். சூரிச், பேர்ண், பாசல் பல்கலைக்கழகங்களில் இலையுதிர்காலப் பருவத்துக்குக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் 30. சில இடங்களில் முந்தைய நவம்பரிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். எனவே ஒக்டோபரில் திகதிகளைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

விருப்பக் கடிதத்தில் "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரி எல்லோரிடமும் இருக்கும். எங்கள் பிள்ளைகளிடம் வேறொன்று இருக்கிறது. உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் இருபது, முப்பது வருடம் நின்ற அப்பா அம்மாவின் முதுகுவலியையும் தோள்வலியையும், பத்து வயதிலிருந்தே வைத்தியருக்கு டொச்சில் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று வைத்தியர் சொன்னதை அப்பா ஏன் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதை வெட்கப்படாமல் எழுதச் சொல்லுங்கள். அது அனுதாபம் தேடுவது ஆகாது. இந்தத் துறைக்கு நேரடியாகத் தேவைப்படும் அனுபவம்.

இப்போது பணம். ஏ.தே.ஹா.வில் ஒரு பருவத்துக்கு 730 பிராங், வின்ரத்தூர் பாக்ஹோக்‌ஷூலவில் 720, பாசலில் 850. 2025 இலையுதிர்காலம் முதல் ஏ.தே.ஹா. வெளிநாட்டிலிருந்து படிக்கவென்றே வருவோரிடம் மூன்று மடங்கு வாங்குகிறது. இங்கே வளர்ந்து இங்கேயே மத்தூரா எடுத்த பிள்ளைக்கு, சுவிஸ் கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும், அது பொருந்தாது.

பெற்றோரின் சம்பளத்தோடு வரும் கல்விக் கொடுப்பனவு 2025 முதல் மாதம் ஆகக் குறைந்தது 268 பிராங், வருடத்துக்கு 3,216. இரண்டு பருவக் கட்டணத்தை அது தாராளமாகத் தாங்கும். ஆனால் பிள்ளைக்கு 25 வயது நிறையும் மாதத்தோடு நின்றுவிடும். ஃபாகே வழியாக வரும் பிள்ளை பிசியோ இளமாணியையும் செய்முறை வருடத்தையும் முடிக்க 24 ஆகிவிடும். முதுமாணிக் காலத்தில் அந்தப் பணம் இராது என்று இப்போதே கணக்கில் எடுங்கள். அதே நேரம், பிசியோதெரபிஸ்டாக வேலை செய்ய இளமாணியே போதும். பகுதிநேரம் உழைத்தபடி முதுமாணி படிக்க வழி உண்டு.

மாநிலங்கள் கொடுக்கும் ஸ்ரிபெண்டியம் என்ற உதவிப்பணத்தைப் பலர் கேட்காமலே விடுகிறார்கள். அதற்குப் பெற்றோர் வசிக்கும் மாநிலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை படிக்கும் மாநிலத்தில் அல்ல. 2013இல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கையில் சேர்ந்த இடங்களில், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும், சி அனுமதி உள்ளவர்களும், ஐந்து வருடம் இங்கு வதிந்த பி அனுமதி உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். எஃப் அனுமதியோடு இருப்பவர்கள் தங்கள் மாநில அலுவலகத்தில் நேரே கேளுங்கள். பெற்றோரின் வரிமதிப்பீட்டை வைத்தே தொகையைத் தீர்மானிப்பார்கள். எனவே வரிப்படிவத்தைக் காலத்துக்கு நிரப்புங்கள்.

இன்னொன்று: 20 வயது நிறைந்த அடுத்த ஜனவரியிலிருந்து மாணவரும் ஆ.ஹா.பௌ. முதியோர் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும். ஆகக் குறைந்தது வருடத்துக்கு 530 பிராங். கட்டாமல் விட்டால் அந்த இடைவெளி முதுமையில் ஓய்வூதியத்தைக் குறைக்கும். ஐந்து வருடத்துக்குள் கட்டி நிரப்பலாம்.

ஊரில் பிசியோதெரபி படித்துவிட்டு இங்கு வேறு வேலை செய்யும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சான்றிதழை அங்கீகரிக்கும் பொறுப்பு சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. பெட்டிக்குள் இருக்கும் சான்றிதழை வெளியே எடுத்து ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

உங்கள் கேள்விகளை வழமைபோல் நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் ஸ்ரிபெண்டியப் படிவத்தை வரிக்கு வரி பார்ப்போம்.