குவாசாரின் அளவைச் சொல்லும் கடிகாரம்

செஞ்சிக் கோட்டை மதில்மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவட்டிக்காரர்கள் வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். ஒரு முனையில் முரசு ஒலிக்கிறது. ஓசை காதில் விழ விழ, ஒவ்வொருவரும் தீவட்டியை உயர்த்துகின்றனர். ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்லும். எனவே மதில் முழுவதும் ஒளிபெற ஏறத்தாழ 3 நொடியாகும். ஒரே நொடியில் நிறைந்தால் வரிசை 340 மீட்டரைத் தாண்டாது.

குவாசார்களை அளக்கும் முறையும் இதுவே; அங்கே ஒலிக்குப் பதில் ஒளி. சுமார் 500 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள 3சி 279-இன் மையத்திலிருந்து ஒரு தாரை நம்மை நோக்கிப் பீறிடுகிறது. 2015 ஜூனில் அதன் காமாக் கதிர் 5 நிமிடத்துக்குள் இருமடங்கானதை ஃபெர்மி விண்தொலைநோக்கி கண்டது. அந்நேரத்தில் ஒளி செல்வது 9 கோடி கிலோமீட்டரே. சூரியன் நமக்கு 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது! தாரை ஒளிவேகத்தை நெருங்கி வருவதால் காலம் சுருங்கித் தெரிகிறது. உண்மையளவு இதைவிடப் பல மடங்கு பெரிது.

ரேடியோ அலைகளோ பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் கழித்தே பெருகும். தாரையின் அடர்ந்த அடிப்பகுதி அவற்றைத் தானே விழுங்கிவிடுகிறது. கொந்தளித்த பகுதி நகர்ந்து விரிந்த பின்னரே அவை வெளிப்படும்.

உதகை முத்தோரையில் 1970-ல் அமைந்த 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கிக்கும் மினுக்கமே துணை: சூரியக் காற்றினூடே வரும்போது மிகச் சிறிய மூலங்களே மினுக்கும்.

ஒரு நாளில் மாறும் குவாசாருக்கு எல்லை எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்.