யானை மேல் வந்த பண்ருட்டியார்

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பண்ருட்டி வழியாகப் போயிருப்பீர்கள். அந்தப் பண்ருட்டித் தொகுதியில் 1967-இல் தி.மு.க. சார்பில் வென்றவர் எஸ். ராமச்சந்திரன். மின்வாரியப் பொறியாளராக இருந்தவர் அவர்; பின்னாளில் எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் மின்துறையே அவர் கைக்கு வந்தது! 1983-இல் ஐ.நா. பொதுச்சபைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்று, இலங்கைத் தமிழர் பிரச்சினையைப் பேசினார்.

1991-இல் பா.ம.க.வின் ஒரே சட்டமன்ற உறுப்பினர் இவர்தான். அப்போது கட்சிக்குச் சின்னம் யானை. அதைச் சுவரொட்டியோடு விட்டாரா மனிதர்? நிஜ யானை மேலேறியே சட்டமன்றத்துக்கு வந்தார். கட்சி பல மாறினாலும் ஊர்ப்பெயர் கூடவே ஒட்டிக்கொண்டது. 2011-இல் தே.மு.தி.க. சார்பில் வென்றது சென்னையை ஒட்டிய ஆலந்தூரில். அப்போதும் அவர் ‘பண்ருட்டியார்’தான்.