செம்மையும் செம்மை வெறியும்



கல்வியிலும் கலையிலும் செம்மையை நாடுதல் நன்று. ஆயின் அந்நாட்டம் வெறியாக முற்றினால், நாடியவரையே அழித்துவிடும். இவ்வேறுபாட்டை விளக்க ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்கிறேன். டேரன் அரனாப்ஸ்கி 2010ஆம் ஆண்டில் இயக்கிய 'பிளாக் ஸ்வான்', அதாவது 'கறுப்பு அன்னம்' என்னும் ஆங்கிலப் படம் அது. அச்சமூட்டும் காட்சிகள் நிறைந்தமையால் சிறுவர்க்கு உரியதன்று. அதன் கருத்தை மட்டும் கூறுவேன்.

ருஷ்ய இசைமேதை சைக்கோவ்ஸ்கியின் 'அன்னப் பொய்கை' என்னும் பாலே நாட்டியம் 1877இல் மாஸ்கோவில் அரங்கேறியது. களங்கமற்ற வெள்ளை அன்னமாகவும், வஞ்சகம் நிறைந்த கறுப்பு அன்னமாகவும் ஒருத்தியே ஆடுவது வழக்கம். படத்தின் நாயகி நீனாவுக்கு அவ்வாய்ப்புக் கிட்டுகிறது. அவள் ஆட்டத்தில் பிழை காண்பது அரிது. எனவே வெள்ளை அன்னம் அவளுக்கு எளிதில் கைவருகிறது. கறுப்பு அன்னத்திற்கோ தன்னை மறந்த துணிவு வேண்டும். பிழைக்கு அஞ்சி ஒவ்வொரு கணமும் தன்னையே காவல் காப்பவளுக்கு அஃது எங்ஙனம் வரும்? அச்சம் வளர்ந்து மனம் பேதலிக்கிறது. கண்ணாடியில் தன் உருவமே பகையாகத் தோன்றுகிறது. தோலில் இறகு முளைப்பதாக மயங்குகிறாள். அரங்கேற்ற இரவில் போட்டிக்காரியைத் தாக்கியதாக எண்ணியவள், உண்மையில் காயப்படுத்தியது தன்னையே. ஆட்டம் குறையின்றி முடிகிறது, ஆடியவள் சாய்கிறாள்.

உளவியலறிஞர் ஹமாச்செக் 1978இல் இருவகைச் செம்மை நாட்டத்தைப் பிரித்துக் காட்டினார். முதல்வகையினர் உயர்ந்த குறிக்கோள் கொண்டு உழைப்பர். உழைப்பில் மகிழ்வும் காண்பர். இரண்டாம் வகையினரை இயக்குவது பிழையச்சமே. எத்துணை செய்தாலும் அவர்க்கு நிறைவு இல்லை. தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றும், இழந்த இரண்டை எண்ணி உண்ணாதிருந்த மாணவரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

முதல்வகைக்குச் சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. அவர் பாலேயும் பயின்றவர். ருக்மிணி தேவி அருண்டேல், உலகப் புகழ்பெற்ற பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் அக்கலையைக் கற்றார். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா தூண்டவே, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலியோரிடம் பரதம் பயின்றார். சிறுவயதிலேயே தொடங்கும் அக்கலையில், 1935ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 31ஆம் வயதில், அடையாற்றில் மேடையேறினார். பிழையச்சம் ஆட்கொண்டிருந்தால், 'காலம் கடந்துவிட்டது' என்று ஒதுங்கியிருப்பார் அல்லரோ? அடுத்த ஆண்டே அவர் நிறுவிய கலைப்பள்ளிதான் இன்றைய கலாக்ஷேத்திரம்.

பரதத்தில் ஓர் அடவை மூன்று காலங்களிலும் பன்முறை ஆடிப் பழகுவர். பயிற்சி கடுமையானதே. ஆயினும் அதன் பயன், மேடையில் அடவை மறந்து பாவத்தில் தோய்வதாகும். காண்போர் உள்ளத்தில் சுவை பிறப்பதே ஆட்டத்தின் நிறைவு. ஆடுபவர் தம்மை அளந்துகொண்டிருப்பது அன்று.

எங்கள் வில்பட்டி மலைச்சரிவில் பூண்டு பயிரிடுவோரைப் பாருங்கள். களையெடுப்பர்; நீர் பாய்ச்சுவர்; ஊன்றிய பல்லை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதில்லை. தோண்டினால் விளையுமோ?

ஆகவே கடுமையாக உழையுங்கள், பிழையைத் திருத்துங்கள், ஆனால் ஒரு பிழையைக் கொண்டு உங்களையே எடைபோடாதீர்கள். உறக்கமும் உணவும் கெடும் அளவிற்கு அச்சம் வருத்துமாயின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு. உதவி நாடுவது குறையன்று. அதுவும் கற்க வேண்டிய ஒரு பாடமே.