மதிப்பெண் குறைந்தால் மறதிநோயா?

சென்ற ஆடி மாதத்தில், கும்மிடிப்பூண்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். வேறோரிடத்தில் செய்யப்பட்ட நினைவாற்றல் சோதனையின் தாள் அவர் கையில் இருந்தது. முப்பதுக்குப் பதினாறு மதிப்பெண். அதன் கீழே ‘டிமென்சியா’ என்று குறிக்கப்பட்டு, மாத்திரையும் தொடங்கப்பட்டிருந்தது. சிப்காட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அந்த மகன் கேட்டவை இரண்டே கேள்விகள்: “அம்மாவை இனி வீட்டில் தனியாக விடக் கூடாதா டாக்டர்? அவர் கையில் பணம் கொடுக்கலாமா?”

அம்மையாரிடம் அன்றைய தேதியைக் கேட்டேன். தெரியாது என்றார். சற்றுப் பொறுத்து, அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். நாட்காட்டியைப் பார்த்தேன்; சரியாகவே இருந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது விழித்தார். கிலோ நாற்பது ரூபாய் வீதம் ஒன்றரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி நூறு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். “நாற்பது” என்றவர், அந்த விலைக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரையச் சொன்ன இடத்தில் பழைய தாளில் சுழியம் இடப்பட்டிருந்தது. அவர் வாழ்நாளில் பென்சில் பிடித்ததில்லை. ஆயினும் நாள்தோறும் வாசலில் புள்ளிக்கோலம் பிழையின்றிப் போடுகிறார் என்று மகன் கூறினார்.

வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ் என்று வாழ்பவர் அவர். நம் எல்லைப்புறத்தில் இது வெகு இயல்பு. முதற்சோதனையோ புத்தகத் தமிழில், விரைவாக, கேள்வித்திறன் குறைந்த ஒருவரிடம் நடத்தப்பட்டிருக்கிறது.

இவ்வகைச் சோதனைகளுள் பெரிதும் பழக்கத்திலிருப்பது, 1975ஆம் ஆண்டில் ஃபோல்ஸ்டீன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முப்பது மதிப்பெண் வினாத்தாள். பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் உலகெங்கும் பரவியது. இதில் 24க்குக் கீழே வந்தால் ஐயப்பட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் 1993இல் அமெரிக்கப் பொதுமக்கள் 18,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களைத் தொகுத்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒன்பதாண்டோ அதற்கு மேலோ பள்ளி சென்றோரின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டாண்டு படித்தோர்க்கு 26. நான்காண்டு வரை மட்டும் படித்தோர்க்கும் படிக்காதோர்க்கும் 22. அப்படியானால், 24 என்ற கோட்டை எல்லோர்க்கும் ஒன்றாகப் போட்டால் பள்ளி செல்லாதோரில் பாதிக்கு மேற்பட்டோர் நோயாளிகளாகிவிடுவர்!

வினாக்களை மொழிபெயர்த்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். போதாது. மூல வினாத்தாளில் திருப்பிச் சொல்லவேண்டிய ஒரு சிறு ஆங்கிலத் தொடர் உண்டு. நாக்குப் புரள்வதிலுள்ள கடினத்துக்காகவே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அந்தக் கடினமும் போய், பொருளும் போய்விடும். ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத சிற்றூர் முதியவர்களுக்கென்று 1995இல் வெளியிடப்பட்ட இந்திச் சோதனையில், ஆய்வாளர்கள் வினாக்களையே மாற்றினார்கள். ஏழேழாகக் கழிப்பதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லவேண்டும். ‘கண்களை மூடுக’ என்று படித்துச் செய்வதற்குப் பதிலாக எதிரிலிருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யவேண்டும். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டும்.

தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டார முதியவர்களிடம் ஆராய்ந்து, 2009இல் இரு சோதனைக் கருவிகளை வெளியிட்டனர். ஒன்று முதியவருக்கு, மற்றொன்று அவரை நன்கறிந்த உறவினருக்கு. இந்த இரண்டாவதையே நான் பெரிதும் மதிக்கிறேன். ‘10/66’ என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு, சென்னை, வேலூர் முதியவர்களோடு கியூபா, மெக்சிகோ, பெரு முதலிய ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் முதியவர்களையும் ஆராய்ந்தது. அங்கும் சிக்கல் இதுவேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கல்வியையும் மொழியையும் கருத்திற்கொண்டு உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதலில் ஐந்து மொழிகளில் அமைந்தது. அவற்றுள் தெலுங்கும் ஒன்று.

இரண்டு மொழி பேசுவதால்தான் பாட்டி குழம்புகிறார் என்று சில வீடுகளில் கருதுகிறார்கள். ஐதராபாத்தில் 648 டிமென்சியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது: ஒரே மொழி பேசியோரைவிடப் பன்மொழி பேசியோர்க்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதித்தே தோன்றியிருந்தது.

உயர்ந்த மதிப்பெண்ணும் ஏமாற்றக்கூடும். ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் 28 பெற்றார். ஆனால் முப்பதாண்டுகள் நடந்த ரயில் நிலையப் பாதையை இருமுறை தவறவிட்டதாக அவர் மனைவி சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி மேலும் ஆராய்ந்தபோது நோய் இருப்பது தெரிந்தது. படிப்பு அதனை மறைத்திருந்தது.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. நம் தொழிற்பேட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏராளமானோர். தலையில் அடிபட்டு வருபவர் கேள்விக்கு விடை சொல்லாதபோது ‘மொழி தெரியவில்லை’ என்று எண்ணிவிடுவது எளிது. அது மூளையில் கசியும் குருதியாகவும் இருக்கலாம். ஆகவே அவருடைய மொழி பேசும் அறைத்தோழர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்; மேற்பார்வையாளர் மட்டும் வருவது போதாது.

முதியவரைச் சோதனைக்கு அழைத்து வரும்போது மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறவாதீர்கள். எத்தனை ஆண்டு பள்ளி சென்றார், எந்த மொழியில் சண்டை போடுவார் (வீட்டு மொழியை அறிய இதைவிட நல்ல கேள்வியில்லை), ஓராண்டுக்கு முன்பு தாமே செய்துவந்த எதை இப்போது செய்ய இயலவில்லை என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள் தாமாக நிறுத்தவேண்டாம். சோதனைத் தாளுடன் வந்து கேளுங்கள்.

அந்த அம்மையாருக்குக் காதில் அடைப்பும் கண்ணில் புரையும் தைராய்டு குறைபாடும் இருந்தன. மூன்றுக்கும் சிகிச்சை அளித்தோம். மறதிநோய் மாத்திரையை நிறுத்தினோம். தை மாதத்தில் தெலுங்கில், அவருக்கேற்ற வினாக்களைக் கொண்டு மீண்டும் சோதித்தேன், குறைபாடு காணவில்லை. ஆண்டுக்கொரு முறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுச் செலவுப் பணம் இப்போதும் அவரிடமே இருக்கிறது.